இடம் மீதியிருந்தும் 257ஆவது கணினிக்கு ஏன் இடமில்லை?

இலங்கைத்துறையிலிருந்து வீட்டுத் தொலைபேசியில் யாராவது அழைத்தால் எண் 026 என்று தொடங்கும். திருகோணமலை மாவட்டத்துக்கு உரிய குறியீடு அது. அந்த வரிசையில் எத்தனை எண்கள் சும்மா கிடந்தாலும், ஒன்றை எடுத்து யாழ்ப்பாணத்து வீட்டுக்குக் கொடுப்பதில்லை. அங்கே 021.

ஏன் இந்தப் பிடிவாதம்? முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்ததுமே அழைப்பை எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரிந்துவிடும்.

பெரிய இணையச் சேவைகளைத் தாங்கும் கணினிக் கூட்டத்திலும் இதே ஏற்பாடுதான். குபர்னெட்டீஸ் என்ற மென்பொருள், செயலிகளைச் சின்னச் சின்னப் பொதிகளாக ஓட்டுகிறது. ஒவ்வொரு பொதிக்கும் தனி முகவரி. மொத்தம் 65,536 முகவரிகளை ஒதுக்கி, கணினிக்கு 256 என்று பிரித்தீர்களா? 256 கணினிகளோடு எல்லாம் தீர்ந்தது.

ஆனால் ஒரு கணினிக்கு வழக்கமான உச்சவரம்பு 110 பொதிகள்தான். மீதி வீணா?

இல்லை. பொதிகள் அடிக்கடி அழிந்து புதிதாகப் பிறக்கும். மறைந்ததன் முகவரியை உடனே இன்னொன்றுக்குக் கொடுத்தால், பழையதைத் தேடி வரும் தகவல் புதியதன் கதவைத் தட்டும். இந்தத் தாராளம் தேவையானதுதான்.

கணினிகள் பெருகும், பொதிகள் குறைவு என்றால் கணினிக்கு 128 என்று பிரியுங்கள். 512 கணினிகள் சேரும். ஓடத் தொடங்கிய பிறகு மாற்றுவது பெரும்பாடு. முதல் நாளே கணக்குப் போட்டுவிடுங்கள்.