புல்லுக்கட்டோடு போக முடியுமா?
ஒரகடம் சாலைகளுக்கு ஒரு சைக்கிள் தணிக்கை

எங்கள் பக்கத்துச் சாலைகளைப் பற்றி யாரைக் கேட்டாலும் "சூப்பர் ரோடு சார்" என்பார்கள். கார்க்காரருக்கும் கன்டெய்னர் லாரிக்காரருக்கும் அது உண்மைதான். ஒரு பக்கம் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. இன்னொரு பக்கம் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஒரகடம் கூட்டுரோடு. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்துக்கு ரெனோ-நிசான் வந்தது. டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ் எல்லாம் வந்தன. அந்தப் போக்குவரத்துக்கு ஏற்றபடி சாலைகளும் அகலமாகிவிட்டன.

நம்ம கேள்வி வேறு. கேரியரில் புல்லுக்கட்டோ ரெண்டு கூடை கீரையோ வைத்துக்கொண்டு, 60 வயசுக்காரர் ஒருவர் சைக்கிளில் இந்த ரோட்டில் போய்த் திரும்ப முடியுமா?

இதை ஏன் விவசாயப் பத்திரிகையில் எழுதணும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து நிலம், நிலத்திலிருந்து கூட்டுரோடு என்று ஒரு நாளைக்குப் போக வர 10 கிலோமீட்டர். வருஷத்தில் 300 நாள் என்றால் 3,000 கிலோமீட்டர். மொபெட் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தாலும் 60 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 6,000 ரூபாய். டயர், ஆயில், ரிப்பேர் தனி. உரச் செலவு இல்லை, மருந்துச் செலவு இல்லை என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அரை ஏக்கர் கீரை போடுபவரின் வரவு செலவு நோட்டில் இந்த 6,000 எங்கே எழுதப்படுகிறது? வங்கியில் இருந்த காலத்தில் எத்தனையோ பயிர்க்கடன் மனுக்களைப் பார்த்தவன் நான். நிலத்துக்குப் போய்வரும் செலவு என்று யாரும் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

அரசாங்கக் கணக்கிலும் நாம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறீர்கள், நடந்தா, சைக்கிளிலா, பஸ்ஸிலா என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் வெளியிட்ட அட்டவணை 'இதர தொழிலாளர்'களுக்கு மட்டும். சாகுபடி செய்பவரும் விவசாயக் கூலிகளும் அதில் வரமாட்டார்கள். ஃபேக்டரிக்குப் போகிறவர் பயணம் செய்கிறார், வயலுக்குப் போகிறவர் எங்கும் போகவில்லை என்பது போல! இந்த மாதிரி அட்டவணையை வைத்துச் சாலை போட்டால் அது யாருக்கான சாலையாக இருக்கும்?

ரோட்டை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு எளிமையான முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மினெட்டா போக்குவரத்து நிறுவனம் 2012-இல் வெளியிட்டது. சாலையை நாலு தரமாகப் பிரிக்கிறார்கள். பிள்ளைகளைத் தனியாக அனுப்பலாம் என்றால் முதல் தரம். பெரியவர்கள் பெரும்பாலோர் தயங்காமல் போவார்கள் என்றால் இரண்டு. பழகினவர் மட்டும் போவார் என்றால் மூன்று. உயிருக்குத் துணிந்தவர் போகலாம் என்றால் நான்கு. இதில் எனக்குப் பிடித்தது இன்னொரு விதி: ஒரு வழியின் தரம் என்பது அதில் இருக்கும் மிக மோசமான இடத்தின் தரம். நாலு கிலோமீட்டர் நிழலும் குளிர்ச்சியுமாக இருந்துவிட்டு, நடுவில் ஒரே ஒரு இடத்தில் ஆறு வழிச் சாலையைத் தாண்ட வேண்டியிருந்தால் அந்த வழி மொத்தமும் நாலாம் தரம்தான். சராசரி எடுத்து நம்மை ஏமாற்ற முடியாது.

இதோடு நம் ஊருக்காக மூன்று சோதனைகளைச் சேர்த்துக்கொண்டேன்.

முதலாவது சுமை. வெறும் சைக்கிளின் ஹேண்டில்பார் சுமார் இரண்டடி அகலம். குறுக்கே புல்லுக்கட்டு வைத்தால் நாலடி ஆகிவிடும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் ஓரத்தை டேப் வைத்து அளந்தால் சில இடங்களில் தாராளமாக இருக்கிறது. ஆனால் அங்கேதான் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு லாரியையும் சுற்றிக்கொண்டு போக நடு ரோட்டுக்கு வர வேண்டும், பின்னால் கம்பெனி பஸ். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் ஒரு சாண் பள்ளம் இருந்தால், இறங்கவும் முடியாது, இறங்கினால் ஏறவும் முடியாது. வேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் மோதுவதைவிட 65-இல் மோதினால், நடந்துபோகிறவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு. சைக்கிளில் போகிறவருக்கும் உடம்பைச் சுற்றி இரும்பு கிடையாது.

இரண்டாவது சோதனை, எதிர்ப்பக்கம் போவது. வீடு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம், நடுவில் மீடியன். முறைப்படி போனால் திருப்பம் வரை போய்த் திரும்பி வரணும். மிதிக்கிற காலுக்கு அந்தத் தூரம் ரொம்ப அதிகம். அதனால் எல்லோரும் ராங் சைடில் வருகிறார்கள். 'விதியை மதிக்காதவர்கள்' என்று திட்டுகிறோம். மீடியன் போடும்போது மிதிப்பவரை நினைக்காதவர்களை யார் திட்டுவது?

மூன்றாவது, பருவம். வெயில் காலத்தில் நல்லா இருக்கும் வழி ஐப்பசி, கார்த்திகையில் எப்படி இருக்கு என்று பார்க்காமல் மதிப்பெண் போடக்கூடாது.

இந்த அளவுகோலில் பெரிய சாலைகள் எல்லாம் நாலாம் தரம். கூட்டுரோட்டை ஷிப்ட் மாறும் நேரத்தில் பாருங்கள். வடநாட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் லைட் இல்லாத சைக்கிளில் அறைக்குத் திரும்புகிறார்கள்! காரும் பைக்கும் செய்கிற ஊரில், அதைச் செய்கிற கை சைக்கிளைத்தான் பிடித்திருக்கிறது. நம் கீரையை வாங்குவதும் அவர்கள்தான். சிப்காட் உள்சாலைகளில் ஷிப்ட் நேரம் தவிர மற்ற நேரம் மூன்றாம் தரம் கொடுக்கலாம்.

ஆச்சரியம் ஏரிக்கரைகள்தான். கரைமேல் லாரி கிடையாது, ஹாரன் கிடையாது, பனை நிழல் உண்டு. முதல் தரத்துக்குத் தகுதியான வழி. கெடுப்பது மூன்று விஷயம். சீமைக்கருவேல முள்: ஒரு நடைக்கு ஒரு பஞ்சர். கலங்கல்: கார்த்திகையில் ஏரி நிரம்பி வழியும்போது அங்கே வழி அறுந்துவிடும், பதினைந்து இருபது நாளைக்குச் சுற்றித்தான் போகணும். கடைசியாக, கரை முடிந்து மெயின் ரோட்டில் ஏறும் இடம். அந்த முப்பது அடிதான் மொத்த வழியையும் நாலாம் தரத்துக்குத் தள்ளுகிறது.

பழைய வண்டிப்பாதைகள் இன்னொரு கதை. மாட்டு வண்டி போன பாதைகள் கிராம வரைபடத்தில் இன்னும் இருக்கின்றன. எங்களுக்குப் பக்கத்தில் ஒன்று நேராகப் போய் ஒரு காம்பவுண்டு சுவரில் முட்டி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அதே பாதை தொடர்கிறது. ஐந்து நிமிஷத் தூரம் இப்போது நெடுஞ்சாலை வழியாக அரை மணி நேரம். உங்கள் ஊரிலும் சந்தேகம் இருந்தால் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். 'வண்டிப்பாதை' என்று பதிவு இருந்தால் கையில் ஆதாரம் இருக்கிறது என்று அர்த்தம்.

சைக்கிள் விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அதில் விவசாயக் கூலிப் பெண்கள், கல் குவாரிப் பெண்கள் எல்லாம் உண்டு. தண்ணீர் எடுக்க, விளைந்ததை விற்க என்று அவர்கள் போனதைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி உலகமே படித்தது. இன்றும் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. சைக்கிள் கொடுத்தாச்சு. ஓட்டுவதற்கு இடம்?

மனு கொடுப்பவர்கள் யாரிடம் கொடுப்பது என்பதில் கவனமாக இருக்கணும், இல்லையென்றால் காகிதம் மேசைக்கு மேசை சுற்றும். தேசிய நெடுஞ்சாலைக்கு ஆணையம், மாநிலச் சாலைக்கு நெடுஞ்சாலைத் துறை, தொழிற்பேட்டை உள்சாலைக்கு சிப்காட். ஏரிக்கரை என்றால், ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். எல்லாவற்றுக்கும் முன்னால் கிராம சபைத் தீர்மானம் ஒன்று இருந்தால் மனுவுக்கு எடை வரும். வருஷத்தில் ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணீர் தினம் என்பதால் ஏரிப் பேச்சு எப்படியும் வரும். கரையில் முள் வெட்டுவதையும், கலங்கலுக்குக் குறுக்கே சைக்கிள் போகிற அகலத்துக்கு ஒரு சிறு பாலம் கேட்பதையும் அன்றைக்கே சேர்த்துப் பேசலாம்.

"சைக்கிள் பாதை வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் "பட்ஜெட் இல்லை" என்று பொதுவாகப் பதில் வரும். கரை ரோட்டில் ஏறும் அந்த முப்பது அடியை போட்டோ எடுத்து, அளந்து, சர்வே எண்ணோடு எழுதுங்கள். அந்த இடத்தில் ரெண்டு பக்கமும் வேகத்தடை, ஒரு எச்சரிக்கைப் பலகை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாண்ட மீடியனில் நாலடி இடைவெளி, ஒரு விளக்கு. இவ்வளவுதான் கேட்பது. அளக்கப் போகும்போது காலை ஷிப்டுக்கு முன்னால், கேரியரில் சுமையோடு போங்கள்.