பத்தாயிரம் பேர் சேர்ந்து போட்ட விளம்பரம்

2004 டிசம்பர் 16 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழைப் புரட்டியவர்கள் இரண்டு முழுப் பக்கங்களுக்கு விரிந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்தார்கள். ஃபயர்பாக்ஸ் என்ற இலவச பிரவுசருக்கான விளம்பரம் அது. அதில் சினிமா நட்சத்திரம் இல்லை, தள்ளுபடி அறிவிப்பு இல்லை. பொடியிலும் பொடியான எழுத்தில் பெயர்கள், பெயர்கள், மேலும் பெயர்கள். நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு ‘உபயம்’ எழுதி வைப்பார்களே, அதே கணக்குதான். காசு போட்ட ஒவ்வொருவர் பெயரும் அதில் இருந்தாக வேண்டும். போட்டவர்கள் சுமார் பத்தாயிரம் பேர். பத்தே நாளில் சேர்ந்த தொகை சுமார் இரண்டரை லட்சம் டாலர். சராசரியாகத் தலைக்கு 25 டாலர்.

மென்பொருள் நிறுவனத்தின் மார்க்கெட்டிங் டீமில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணிக்கையைக் கேட்டதும் தலை சுற்றும். ஒரு சின்ன பேனருக்கே எழுதுகிறவர் ஒன்று சொல்வார், டிசைனர் ஒன்று சொல்வார், புராடக்ட் மேனேஜர் ‘இந்த வசதி இன்னும் தயாராகவில்லையே’ என்பார், சேல்ஸ்காரர்கள் ‘அதைத்தான் பெரிதாகப் போடுங்கள்’ என்பார்கள். ‘ஃபைனல்’ என்று பெயர் வைத்த கோப்புக்குப் பின்னால் ‘ஃபைனல் 7’ வரை வந்து நிற்கும். எட்டுப் பேர் கூடினாலே இந்தப் பாடு. பத்தாயிரம் பேரை வைத்துக்கொண்டு ஒரு விளம்பரம் எப்படி அச்சுக்குப் போனது?

அதற்கு முன்கதை உண்டு. ஃபயர்பாக்ஸை உருவாக்கிய மொசில்லா அறக்கட்டளை 2003 ஜூலையில் தொடங்கியபோது அதன் கையிருப்பு பெரும்பாலும் ஏ.ஓ.எல். நிறுவனம் கொடுத்துவிட்டுப் போன 20 லட்சம் டாலர்தான். சம்பளத்துக்கு இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எதிரே நின்றது மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். உலகின் கணினிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அதன் வசம். 2001-ல் ஆறாம் பதிப்பை வெளியிட்ட மைக்ரோசாஃப்ட், அடுத்த பதிப்புக்கு 2006 வரை அவசரப்படவே இல்லை. பாப்-அப் ஜன்னல்களும் உளவு மென்பொருள்களும் கணினிகளைப் படுத்திக்கொண்டிருந்த காலம் அது. விற்பதற்கு நல்ல சரக்கு இருந்தது, விற்கப் பணம் இல்லை.

பெயரே ஒழுங்காக அமையவில்லை. முதலில் வைத்த ‘ஃபீனிக்ஸ்’ வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயரோடு மோதியது. அடுத்து வைத்த ‘ஃபயர்பேர்ட்’ ஒரு தரவுத்தள மென்பொருளின் பெயர். அதை உருவாக்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். 2004 பிப்ரவரியில்தான் ‘ஃபயர்பாக்ஸ்’ நிலைத்தது. தோற்றமும் அப்படித்தான், ஆளுக்கொரு கை வைத்த ஐகான்கள். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் இருந்த ஸ்டீவன் கேரிட்டி என்ற வடிவமைப்பாளர் இதைப் பார்த்துப் பொறுக்காமல், மொசில்லாவின் அடையாளம் எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று விளக்கி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பெரிய நிறுவனமாக இருந்தால் அதைப் படித்துவிட்டு முகம் சுளித்திருப்பார்கள். மொசில்லா, ‘சரி, நீங்களே செய்து கொடுங்கள்’ என்றது.

அவர் சேர்த்த குழு மிகச் சிறியது. டேனியல் பர்க்கா யோசனை கொடுத்தார். ஸ்டீபன் டெரோஷ் கோட்டுப்படம் போட்டார். இங்கிலாந்திலிருந்த ஜான் ஹிக்ஸ் அதை உலகம் அறிந்த லோகோவாக வரைந்து முடித்தார். ஃபயர்பாக்ஸ் என்பது சிவப்பு பாண்டாவின் இன்னொரு பெயர். ஆனால் பாண்டாவை வரைந்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது என்று பூமிப்பந்தைச் சுற்றி வளைந்த நரியையே வரைந்தார்கள். பெயரும் படமும் பொருந்துகின்றனவா என்று ஊரைக் கூட்டி விவாதித்திருந்தால், அந்த விவாதம் ஒருவேளை இன்றும் நடந்துகொண்டிருக்கும்.

ஊரைக் கூட்டியது வேறு வேலைக்கு. 2004 செப்டம்பரில் ‘ஸ்ப்ரெட் ஃபயர்பாக்ஸ்’ என்ற தளத்தைத் திறந்தார்கள். மொசில்லாவின் பிளேக் ராஸ், ஏசா டாட்ஸ்லர் போன்றவர்கள் முன்நின்றார்கள். உங்கள் இணையப் பக்கத்தில் ஃபயர்பாக்ஸ் பட்டன் ஒன்றை ஒட்டுங்கள், அதன் வழியாக வருபவர்களுக்கு ஏற்பப் புள்ளிகள் கிடைக்கும் என்பதுதான் ஏற்பாடு. சோதனைப் பதிப்பைப் பத்து நாளில் பத்து லட்சம் பேர் இறக்கிக்கொள்ள வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். நான்கே நாளில் கணக்கு முடிந்தது.

நியூயார்க் டைம்ஸ் விளம்பரம் இந்த வேகத்தில் பிறந்த யோசனை. மினியாபொலிஸ் நகரில் மக்கள் தொடர்புத் துறையில் இருந்த ராப் டேவிஸ் என்ற தன்னார்வலர் அதை முன்னெடுத்தார். பணம் கொடுப்பதும் பெயரைப் பதிவதும் நண்பரை இழுத்து வருவதும் பத்தாயிரம் பேரின் வேலை. பக்கத்தை அமைப்பதும் வாசகம் எழுதுவதும் பத்திரிகையோடு பேசுவதும் சிலரின் வேலை. அந்தப் பத்தாயிரம் பேரிடம் யாரும் எந்த எழுத்துரு நன்றாக இருக்கிறது என்று கேட்கவில்லை. இவ்வளவு இருந்தும் தாமதம் வந்தது. நவம்பர் 9-ல் முதல் பதிப்பு வெளியாகி ஐந்து வாரம் கழித்துத்தான் விளம்பரம் அச்சேறியது. அதற்குள் ஜெர்மனிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். டிசம்பர் 2 அன்றே ஃபிராங்ஃபர்ட்டர் ஆல்கமைன நாளிதழில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களோடு அவர்களின் முழுப் பக்க விளம்பரம் வந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் இருந்த மொசில்லாவிடமிருந்து உத்தரவு வர யாரும் காத்திருக்கவில்லை.

கூட்டு வேலையில் இந்தச் சுதந்திரம்தான் ருசி. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களாக இருந்த பன்னிரண்டு பேர், அமிட்டி என்ற ஊருக்கருகே ஓட்ஸ் வயலில் கதிர்களைப் படுக்க வைத்து 220 அடி விட்டத்தில் ஃபயர்பாக்ஸ் லோகோவை ‘வரைந்தார்கள்’. தரையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, விமானத்திலிருந்து பார்க்க வேண்டும். ஒரு நாளுக்குள் வேலை முடிந்தது. எந்த மார்க்கெட்டிங் டீமின் ஆண்டுத் திட்டத்திலும் இப்படி ஒரு வரி இடம்பெற்றிருக்காது. பட்ஜெட் கூட்டத்தில் இதைச் சொல்கிறவரைச் சிரித்தே உட்கார வைத்திருப்பார்கள்.

எல்லாமே இனிப்பாக இருந்ததாகச் சொல்லவும் முடியாது. ஸ்ப்ரெட் ஃபயர்பாக்ஸ் தளத்துக்குள் 2005-ல் இரண்டு முறை வெளியாட்கள் புகுந்தார்கள். ‘பாதுகாப்பான பிரவுசர்’ என்று விளம்பரம் செய்கிற தளமே பாதுகாப்பு ஓட்டையால் மூடிக் கிடந்தது சங்கடம்தான். 2008 ஜூன் 17 அன்று மூன்றாம் பதிப்புக்கு ‘டவுன்லோட் டே’ அறிவித்தபோது, ஆர்வலர்கள் திரட்டிய கூட்டம் தாங்காமல் தொடக்கத்திலேயே சர்வர்கள் திணறின. பிறகு சமாளித்து எழுந்தன. 24 மணி நேரத்தில் 80,02,530 டவுன்லோட்கள் என்று கின்னஸ் சான்றிதழ் வாங்கினார்கள்.

தமிழ் எழுதுவோருக்கு அந்த மூன்றாம் பதிப்பு வேறொரு காரணத்தால் முக்கியம். அதற்கு முந்தைய ஃபயர்பாக்ஸில், பக்கத்தின் இரு ஓரமும் சமமாக இருக்கும்படி பத்தியை அமைத்தால் தமிழ் எழுத்துகள் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறும். அன்றைய வலைப்பதிவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட முதல் அறிவுரை ‘ஜஸ்டிஃபை போடாதீங்க’ என்பதுதான். அப்படியிருந்தும் ஃபயர்பாக்ஸை விடாமல் பரிந்துரைத்தவர்களும் அவர்களே. தமிழில் தட்டச்சு செய்ய ‘தமிழ்விசை’, பழைய எழுத்துரு முறையில் இருந்த தளங்களை யூனிகோடாக்கிப் படிக்க ‘பத்மா’ என்று நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) அதில் கிடைத்தன. அவை மொசில்லாவின் விளம்பரச் செலவில் வந்தவை அல்ல, தன்னார்வலர்கள் செய்தவை. நல்ல நீட்சி ஒன்று நூறு பேனருக்குச் சமம் என்பதை மொசில்லாவே அப்போது முழுதாகக் கணக்கில் எடுத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பிறகு பணம் வந்தது. தேடல் பெட்டிக்காக கூகுள் தந்த தொகையால் 2005-ல் வருமானம் ஐந்து கோடி டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மொசில்லா கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் பிறந்தது. சம்பளம் வாங்கும் மார்க்கெட்டிங் டீம் வளர்ந்தது. 2009 வாக்கில் உலக இணையப் பயன்பாட்டில் முப்பது சதவீதத்துக்கு மேல் ஃபயர்பாக்ஸ் வழியாக நடந்தது. ஆனால் 2008 செப்டம்பரில் கூகுள் தன் குரோமை இறக்கியிருந்தது. உலகமே தினமும் திறக்கிற தேடல் பக்கத்தைக் கையில் வைத்திருப்பவரோடு ஓட்ஸ் வயலை வைத்துக்கொண்டு போட்டி போட முடியாது. பங்கு சரியத் தொடங்கியது.

சரிவு நேரத்தில்தான் டீம்களுக்கு இடையே சுவர் எழும்பும். 2017 டிசம்பரில் நடந்தது அதற்கு நல்ல சாட்சி. ‘மிஸ்டர் ரோபாட்’ தொலைக்காட்சித் தொடரோடு சேர்ந்து ஒரு விளம்பர விளையாட்டு. அதற்காக ‘லுக்கிங் கிளாஸ்’ என்ற எக்ஸ்டென்ஷனை, ஆய்வுகளுக்கென்று வைத்திருந்த வழியைப் பயன்படுத்தி, கேட்காமலேயே பயனாளர்களின் பிரவுசருக்குள் அனுப்பினார்கள். பட்டியலில் பெயர் தெரியாத ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அதன் விளக்கமோ மிரட்டல் போல ஒரு வரி. வைரஸ் புகுந்துவிட்டது என்று பலர் பயந்தார்கள். பயனாளர் தானே இயக்கினால் ஒழிய அது ஒன்றும் செய்யாது என்பது உண்மை. ஆனால் அந்தரங்கப் பாதுகாப்பை முன்வைத்தே பிரவுசர் விற்கிற நிறுவனம் இதைச் செய்யலாமா என்ற கேள்விக்கு அது பதிலாகவில்லை. சில நாளில் எக்ஸ்டென்ஷனைத் திரும்பப் பெற்று மன்னிப்பும் கேட்டார்கள்.

2004-ல் இந்த யோசனையைத் தன்னார்வலர் மன்றத்தில் யாராவது சொல்லியிருந்தால், முதல் பத்து நிமிடத்தில் இருபது பேர் எகிறியிருப்பார்கள். விளம்பரம் நடந்திருக்காது, அவமானமும் நேர்ந்திருக்காது. சுற்றி நிற்கிறவர்களின் எரிச்சலை முன்கூட்டியே கேட்டுவிடுவதுதான் கூட்டு வேலையின் பெரிய லாபம் என்று தோன்றுகிறது. அழகான யோசனைகள் அவர்களிடமிருந்து வருவதெல்லாம் உபரி.

நிறுவனத்தின் லோகோ விஷயத்தில், ஊரைக் கேட்கிற அந்தப் பழைய கதவை மொசில்லா ஏற்கெனவே திறந்து பார்த்திருந்தது. 2016 கோடையில் லண்டனின் ஜான்சன் பேங்க்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, வேலை நடக்கும்போதே எல்லாவற்றையும் பொதுவில் வைத்தது. ஏழு வரைவுகள், ஆயிரக்கணக்கான கருத்துகள், ஏச்சும் நிறைய. 2017 ஜனவரி 18 அன்று இணைய முகவரியின் சாய்கோடுகளைப் பெயருக்குள் நுழைத்த லோகோ வந்தது. அதன் ஆயுள் எட்டாண்டு கூட இல்லை. 2024 டிசம்பரில் வேறு அடையாளத்துக்கு மாறினார்கள்.

ஃபயர்பாக்ஸ் குடும்பத்துக்கு லோகோ செய்யும் முறை 2018-ல் வந்தது. இந்த முறை இரண்டு வடிவத் தொகுப்புகளைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். கூடவே முதலிலேயே சொல்லிவிட்டார்கள்: வாக்கெடுப்பு கிடையாது, யாரும் இலவசமாக வரைந்து தர வேண்டாம், உங்கள் எதிர்வினை மட்டும் போதும், முடிவு எங்களுடையது. பட்ட பிறகு வந்த தெளிவு. 2019 ஜூனில் முடிவு வெளியானது. ஃபயர்பாக்ஸ் பெயரில் வரும் எல்லாச் சேவைகளுக்கும் பொதுவாக, நரி இல்லாத தீச்சுழல் ஒன்று. பிரவுசரின் ஐகானில் நரி தொடர்ந்து இருந்தது.

இவ்வளவு வெளிப்படையாக, கேட்டுக் கேட்டுச் செய்தும், அதையெல்லாம் பின்தொடராதவர்கள்தானே உலகில் அதிகம். 2021 தொடக்கத்தில் ‘நரியைக் கொன்றுவிட்டார்கள்’ என்று சமூக ஊடகங்களில் மீம்கள் கிளம்பின. லோகோ ஆண்டுக்காண்டு தேய்ந்து கடைசியில் வெறும் வட்டமாவதுபோலக் கிண்டல் படங்கள் சுற்றின. பகிர்ந்தவர்களில் பலர் அப்போது ஃபயர்பாக்ஸைத் திறந்து பார்த்திருந்தாலே நரி தெரிந்திருக்கும். அந்தப் பிப்ரவரியில் மொசில்லா தன் வலைப்பதிவில், நரி எங்கும் போகவில்லை, பிரவுசரிலேயேதான் இருக்கிறது என்று நிதானமாக விளக்கம் எழுதியது.