மதுவும் மருந்தும்: ஆயர் ஆலோசனையில் ஒரு தெளிவு

எச்.ஐ.வி. தொற்றுடைய சபையார் சிலர் ஆயரிடம் தனிமையில் கேட்கும் வினா ஒன்றுண்டு. குடித்த நாளில் மாத்திரையை உட்கொள்ளலாமா என்பதே அது. "கூடாது, இரண்டும் சேர்ந்தால் நஞ்சாகும்" என நம்மில் பலர் உடனே விடையளித்துவிடுகிறோம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே கூறிவந்தோம். அச்சத்தினாலாவது குடியை விடுவர் என எண்ணினோம். அவ்வெண்ணம் பிழையாயிற்று.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இந்திய அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படுகிறது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை முதன்முதல் தொடங்கிய நிலையங்களுள் ஒன்று. இன்று பெரும்பாலோர்க்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை, நாளுக்கு ஒருமுறை. இம்மருந்து கிருமியை முற்றிலும் அகற்றுவதில்லை; பெருகாவண்ணம் அடக்கி வைக்கிறது. குருதியில் மருந்து குறையுந்தோறும் கிருமி மீண்டும் தலையெடுக்கும். மருந்துக்கு அடங்காத வகையாக மாறவுங்கூடும்.

மேற்கூறிய மூன்று மருந்துகளின் ஆற்றலையும் மது நேரே குலைப்பதில்லை. தவறவிட்ட வேளைகளே கேடு விளைவிக்கின்றன. போதையில் மறப்பவர் ஒருபுறமிருக்க, நஞ்சாகும் என்று அஞ்சி, நன்கு அறிந்தே மாத்திரையை ஒதுக்குவோரும் உளர். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேத் காலிச்மன் முதலானோர் இவ்வச்சத்தைக் குறித்து ஆராய்ந்துள்ளனர். குடி அடிமையிடம் 'மதுவா, மாத்திரையா' என்று கேட்போமாயின் அவர் எதை விடுவார் என்பது நாம் அறியாததன்று. வாரத்தில் ஐந்து நாள் குடிப்பவர் அவ்வைந்து நாளும் மருந்தின்றி இருப்பார்.

இதனால் குடி தீங்கற்றது என்பதன்று. ஈரல் கெடும், மஞ்சட்காமாலைக் கிருமிகளும் உடனிருப்பின் விரைந்து கெடும். ஆயினும் குடியை விடச்செய்யும் முயற்சி நெடியது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் நேரலாம். ஆகவே ஜெப அறையில் அன்றே உறுதிமொழி வாங்க முனையும் ஆயர் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் நன்று. (விண்ணப்பக் குறிப்பில் பெயரைச் சேர்க்கவும் வேண்டா, ஒருவரது தொற்றினை அவர் இசைவின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.)

இப்போதெல்லாம் மது வாடையோடு வருபவரிடம் நாம் முதலில் கேட்பது, "இன்றைய மாத்திரை ஆயிற்றா?" என்பதே. இல்லையெனில் ஒரு குவளை நீர் கொடுத்து உட்கொள்ளச் சொல்கிறோம். குடியைப் பற்றிய பேச்சு, தெளிந்தபின் மறுநாள்.