30 நாள் தொட்டியும் 72 மாதக் கணக்கும்

"சார், 100 ஜிபி போதுமா, 2 டிபியே வாங்கிடலாமா?" திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் அடித்துக் கொடுக்கும் ஒரு சிறு யூனிட்டின் முதலாளி கேட்டார். நான்கு பேர், இரண்டு கம்ப்யூட்டர். கிளவுடில் இடம் தேடும் எல்லாருமே மனை வாங்குவதுபோல முதலில் அளவைத்தான் கேட்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'கா' என்றால் 'க' ஒன்று, துணைக்கால் ஒன்று, ஆக 6 பைட். பக்கத்துக்கு 2,000 குறியீடு என்று வைத்தாலும் 6,000 பைட்தான். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் இப்படி 25 லட்சம் பக்கம் கொள்ளும். பில்லும் கணக்கும் இடத்தை அடைப்பதே இல்லை. அந்த 15 ஜிபியைப் பங்கு போடுவது மெயிலும் போட்டோவும் வீடியோவும். இந்த யூனிட்டில் கூடுதலாக டிசைன் கோப்புகள்.

கிளவுட் மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் ஓர் அழகான கணிதம். இரண்டு புள்ளி இருந்தால் ஒரு நேர்கோடு வரைந்துவிடலாம். அதே கோட்டில் மூன்றாவதாக ஒரு புள்ளியையும் குறித்து வைத்தால், மூன்றில் எது அழிந்தாலும் மிச்சமுள்ள இரண்டை வைத்துக் கோட்டை மீட்கலாம். இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் 1960-இல் எழுதிய கட்டுரையின் உயிர் இதுதான். கல்லாவில் ஒட்டிய க்யூஆர் அட்டை கொஞ்சம் கிழிந்தாலும் ஸ்கேன் ஆவது இவர்கள் தயவில். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2015-இல் வெளியிட்ட முறையில், ஒரு கோப்பை 17 துண்டாக்கி, கணக்கிட்டு உண்டாக்கிய 3 துண்டுகளையும் சேர்த்து, 20 இயந்திரங்களில் இயந்திரத்துக்கு ஒன்றாக வைத்தது. எந்த மூன்று பழுதானாலும் கோப்பு பிழைக்கும். மூன்று முழுப் பிரதி வைத்தால் கூடுதலாக 200 சதவீத இடம் வேண்டும். இங்கே 18 சதவீதத்துக்கும் குறைவு.

டிஸ்க் சாவதை இந்தக் கணிதம் சமாளிக்கும். நம் கைத்தவறை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு கம்ப்யூட்டரில் கோப்பை அழித்தால் 'சிங்க்' அதைக் கிளவுடிலும் அழிக்கும், பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் அழிக்கும். வைரஸ் பூட்டிய கோப்பும் அப்படியே மேலே ஏறிவிடும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் அழித்த கோப்பு 30 நாள் இருக்கும், அவ்வளவுதான். ஜிஎஸ்டி சட்டமோ, ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதத்துக்குக் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. ஏப்ரலில் அழிந்த பில் ஆடிட்டர் கேட்கும்போதுதான் காணோம் என்று தெரியும். அதற்குள் தொட்டி பல முறை காலியாகியிருக்கும்.

இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்துபோனது. அசலும் பேக்கப்பும் அதே கட்டடத்தில் இருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

பிரதி பத்திரமாக இருந்தால் போதாது, அதைத் திறக்கவும் முடிய வேண்டும். அதனால் ஆஃபிஸ் மென்பொருளில் நான் விலையைவிடக் கோப்பின் வடிவத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய விலைப்பட்டியலை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தவர்களுக்கு இது புரியும். தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கிடக்கும். இன்று நிலைமை மேல். ஒரு எக்செல் கோப்பைப் பிரதியெடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் எக்ஸ்எல்எஸ்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் வெறும் எக்ஸ்எம்எல் எழுத்துதான். இலவச மென்பொருளான லிப்ரெஆஃபிஸின் ஓடிஎஸ் கோப்பும் அதே கட்டமைப்பு. ஓடிஎஸ் சேர்ந்த ஓடிஎஃப் குடும்பம் 2006-இலும் மைக்ரோசாஃப்டின் வடிவம் 2008-இலும் ஐஎஸ்ஓ தரமாயின. நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் கணக்கு நம் கையில் இருக்கும்.

நான்கு பேர் யூனிட்டுக்கு, 2010-இல் ஓப்பன்ஆஃபிஸிலிருந்து பிரிந்து வந்த லிப்ரெஆஃபிஸே போதும் என்பது என் தீர்மானம். காசு இல்லை, தமிழ் முகப்பும் உண்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பட்டியலில் எழுத வேண்டுமென்றால் கூகுள் ஷீட்ஸோ, சென்னையில் தலைமையகம் கொண்ட ஜோஹோவோ. ஆடிட்டர் மேக்ரோ வைத்த எக்செல் அனுப்புகிறார் என்றால், அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் எம்எஸ் ஆஃபிஸ் வாங்கலாம். கணக்கு மென்பொருளான டேலியின் தரவு ஃபோல்டரை மட்டும் சிங்க் ஆகும் இடத்தில் வைக்க வேண்டாம். அது திறந்திருக்கும்போதே சிங்க் ஓடினால் கணக்கு கெடலாம். டேலியிலேயே பேக்கப் எடுத்து, அந்தக் கோப்பை மேலே ஏற்றுங்கள்.

அவருக்குச் சொன்னது இதுதான். பில்லுக்கும் கணக்குக்கும் இலவச இடம் போதும், 2 டிபி கிளவுட் வேண்டாம். அந்தக் காசில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். மாதம் ஒரு ஞாயிறு டிசைனும் கணக்கும் சேர்த்து அதில் பிரதி எடுங்கள். பழைய பிரதியின் மேலேயே எழுதாமல் மாதத்துக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள். டிஸ்க்கைக் கழற்றி யூனிட்டில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கழற்றுவதற்கு முன்னால் மூன்று வருடத்துக்கு முந்தைய பில் ஒன்றை அதிலிருந்தே திறந்து, கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று பாருங்கள்.