பழைய நம்பர், புது நம்பர்: பொதுக் கம்ப்யூட்டர்களுக்கு ஐபி முகவரி கொடுப்பது எப்படி?

மயிலாப்பூரில் மாட வீதிகளை ஒட்டிய தெருக்களில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். கையில் உள்ள சீட்டில் 14 என்று எழுதியிருக்கும். 14-ஆம் எண் வீட்டுக் கதவைத் தட்டினால், "இது புது நம்பர் 14 சார். நீங்க கேக்கறது பழைய நம்பர். நாலு வீடு தள்ளி, எதிர் வரிசை" என்பார்கள். சென்னையில் கதவு எண்களை மாற்றிய பிறகு, ஒரே தெருவில் ஒரே எண்ணுக்கு இரண்டு வீடுகள் சொந்தம் கொண்டாடும் நிலை வந்தது. அதனால்தான் கல்யாணப் பத்திரிகையில்கூடப் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் அச்சிடுகிறோம்.

தேடி வருபவர் மனிதர் என்றால் நாலு பேரிடம் கேட்டுக்கொண்டு போய்விடுவார். தேடி வருவது ஒரு ஃபைல் என்றால்? அதற்குக் கேட்கத் தெரியாது. எண் பொருந்தினால் அந்தக் கதவைத்தான் தட்டும்.

என்ன நடந்தது?

எங்கள் நண்பர் குழுவில் பத்துப் பேர். வீடுகளில் பரணில் கிடக்கும் பழைய ஆடியோ கேசட்டுகளை வாங்கிவந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, கேசட்டையும் சிடியையும் உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. இதற்காக ஒரு நண்பர் வீட்டு மாடியில் இரண்டு பொதுக் கம்ப்யூட்டர்கள் வைத்திருந்தோம். இப்படிப் பலருக்கும் பொதுவாக வேலை செய்யும் கம்ப்யூட்டரைத்தான் சர்வர் என்கிறோம். ஒன்றில் பாடல்கள் சேரும். இன்னொன்று, இரவில் அவற்றுக்கு நகல் எடுத்து வைக்கும் பேக்கப் சர்வர். அதற்கு மானிட்டர் கிடையாது. மூலையில் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இவற்றை அமைத்தவர் குழுவின் மூத்த நண்பர். பேக்கப் சர்வருக்கு 192.168.1.20 என்ற முகவரியை அவரே கையால் கொடுத்திருந்தார். அது அவர் நினைவில் மட்டும்தான் இருந்தது. அவர் ஆறு மாதம் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போனார்.

ஒரு நாள் பகலில் கரண்ட் போய் வந்தது. ரவுட்டர் உடனே உயிர் பெற்றது. பேக்கப் சர்வரை மாலையில்தான் ஆன் செய்தோம். இடைப்பட்ட நேரத்தில், புதிதாக வாங்கிய வைஃபை பிரிண்டர் ரவுட்டரிடம் முகவரி கேட்டது. ரவுட்டர் பார்த்தது: 20-ஆம் எண்ணில் யாரும் இல்லை. அதையே கொடுத்துவிட்டது. மாலையில் பேக்கப் சர்வர் எழுந்தபோது தன் வீட்டில் வேறொருவர் குடியிருந்தார். ஐபி முகவரி மோதல் என்று விண்டோஸ் எச்சரித்திருக்கும். மானிட்டர் இல்லாததால் யாரும் பார்க்கவில்லை.

நடுவில் ஒரு நண்பருக்குச் சந்தேகம் வந்து, 192.168.1.20-க்கு பிங் கட்டளை கொடுத்துப் பார்த்தார். பதில் வந்தது. "சர்வர் நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிட்டோம். பதில் சொன்னது பிரிண்டர்!

மூன்று வாரம் கழித்துப் பாடல்கள் இருந்த ஹார்டு டிஸ்க் பழுதானது. அந்த மூன்று வாரத்துக்கு நகலே இல்லை. திருப்பிக் கொடுத்த கேசட்டுகளை மறுபடி கேட்டு வாங்கினோம். அதில் ஒன்று, பக்கத்துத் தெரு மாமி ஒருவரின் அம்மா வீட்டில் பாடியது. பழைய டேப், இரண்டாம் முறை ஓடும்போது அறுந்துவிட்டது. ஒட்டி ஓட்டினோம். நடுவில் சில நிமிடங்கள் போனது போனதுதான்.

தவறு பிரிண்டருடையதும் இல்லை, ரவுட்டருடையதும் இல்லை. எந்த எண் யாருக்கு என்று எங்கும் எழுதி வைக்காதது எங்கள் தவறு.

ஐபி முகவரி என்றால் என்ன?

நெட்வொர்க்கில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் வேண்டும். அதுவே ஐபி முகவரி. பரவலாகப் பயன்படும் நான்காம் பதிப்பில் இது புள்ளியால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாக இருக்கும். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை வரலாம். மொத்தம் 429 கோடிக்குச் சற்று அதிகமான முகவரிகள்.

இவற்றில் சில, வீடு மற்றும் அலுவலகங்களின் உள்ளே மட்டும் பயன்படுத்த 1994-இல் ஒதுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்குபவை அந்த வகைதான். உங்கள் வீட்டிலும் 192.168.1.20 இருக்கலாம், என் வீட்டிலும் இருக்கலாம், சண்டை வராது. ஒரே வீட்டுக்குள் இரண்டு இருந்தால்தான் சண்டை.

வீட்டுக்குள் முகவரி வழங்குவது ரவுட்டரில் உள்ள டிஎச்சிபி என்ற வசதி. கேட்ட கருவிக்குக் காலியாக உள்ள எண்ணைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்குத் தரும். மொபைலுக்கு இது போதும். ஆனால் சர்வரைத் தேடி மற்றவர்கள் வருவதால், அதற்கு மாறாத முகவரி வேண்டும்.

உலகத்துக்கே ஒரு பதிவேடு

இன்டர்நெட்டின் தொடக்க காலத்தில் எந்த எண் யாருக்கு என்ற பட்டியலைப் பராமரித்தவர் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1998 அக்டோபரில் அவர் இறக்கும்வரை இந்தப் பணியோடு அவர் பெயர் இணைந்தே இருந்தது. அவர் நடத்திய ஐயானா என்ற பணி இன்று ஐகேன் அமைப்பின் கீழ் நடக்கிறது. ஐயானா பெரிய தொகுப்புகளை ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குக் கொடுக்கும். ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் உள்ள ஏபிநிக். இந்தியாவில் 2012 முதல் நிக்ஸி அமைப்பின் ஐஆர்ஐஎன்என் பிரிவு இந்த வேலையைச் செய்கிறது.

நான்காம் பதிப்பு முகவரிகளின் கடைசித் தொகுப்புகளை 2011 பிப்ரவரி 3 அன்று ஐயானா பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. பெட்டி காலி. அன்று முதல் முகவரி என்பது விலையுள்ள சொத்து.

ஒரு குழுவின் கதையைக் கேளுங்கள். 1981-இல் அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்களுக்காக ஹேங்க் மக்னஸ்கி என்பவர் 44 என்று தொடங்கும் முகவரிகள் அத்தனையையும் கேட்டு வாங்கினார். மொத்தம் 1,67,77,216. அப்போது அதற்கு விலை கிடையாது. பிறகு பல நாடுகளில் தன்னார்வலர்கள் ஆளுக்கொரு பகுதியைப் பொறுப்பேற்று, ஹாம் நண்பர்களுக்கு இலவசமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். 2019-இல் அவற்றைப் பராமரித்த அறக்கட்டளை கால் பங்கை, அதாவது சுமார் 42 லட்சம் முகவரிகளை, அமேசானுக்கு விற்றது. கிடைத்த தொகை 10 கோடி டாலருக்கும் மேல். அதிலிருந்து கல்வி, ஆராய்ச்சிப் பணிகளுக்கு நிதி தருகிறார்கள். ஆனாலும், "பொதுச் சொத்தை எங்களைக் கேட்காமல் விற்கலாமா?" என்று ஹாம்களில் பலர் கோபப்பட்டார்கள். எண் யாரிடம் இருக்கிறது என்பதோடு, அதைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்பதும் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

உங்கள் குழுவுக்கு என்ன செய்யலாம்?

குடியிருப்போர் சங்கமோ, சிறு நூலகமோ, பஜனைக் குழுவோ, பொதுக் கம்ப்யூட்டர் வைத்திருந்தால் இந்த வேலைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்துவிடலாம்.

1. எண்களைத் தெருத் தெருவாகப் பிரியுங்கள். நாங்கள் பிரித்தது இப்படி: 192.168.1.1 ரவுட்டர், 10 முதல் 29 வரை சர்வர்கள், 30 முதல் 39 வரை பிரிண்டர், கேமரா, 100 முதல் 199 வரை மொபைல், லேப்டாப், வந்து போகிறவர்கள். மற்றவை காலி. நாளைக்குத் தேவைப்படும்.

2. ரவுட்டரின் டிஎச்சிபி எல்லையைச் சுருக்குங்கள். பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை டைப் செய்து, பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே செல்லுங்கள். டிஎச்சிபி பகுதியில் தொடக்க எண் 100, இறுதி எண் 199 என்று மாற்றிச் சேமியுங்கள். இனி ரவுட்டர் தானாக 20-ஐ யாருக்கும் கொடுக்காது.

3. சர்வருக்கு முகவரியை முன்பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் மேக் முகவரி என்ற 12 எழுத்து அடையாளம் உண்டு. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஐபிகான்ஃபிக் கட்டளையை 'ஆல்' என்ற சேர்க்கையோடு கொடுத்தால், பிசிக்கல் அட்ரஸ் என்ற வரியில் அது தெரியும். ரவுட்டரின் அட்ரஸ் ரிசர்வேஷன் பகுதியில் அந்த அடையாளத்தையும் நீங்கள் விரும்பும் ஐபி முகவரியையும் பதியுங்கள். சர்வரில் 'தானாகப் பெறுக' என்ற நிலையே இருக்கட்டும். சில ரவுட்டர்கள் டிஎச்சிபி எல்லைக்குள் உள்ள எண்ணை மட்டுமே முன்பதிவுக்கு ஏற்கும். உங்களுடையது அப்படியென்றால் சர்வர்களுக்கு 100 முதல் 109 வரை ஒதுக்குங்கள்.

4. ஒரு நெட்வொர்க்குக்கு ஒரே ஒரு டிஎச்சிபி. மாடியில் வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றையும் சேர்த்து மாட்டுவோம். அதன் டிஎச்சிபியை அணைக்க மறந்தால், ஒரே தெருவுக்கு இரண்டு அலுவலகங்கள் கதவு எண் கொடுத்த கதைதான்.

5. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஆறு கட்டம் போதும்: முகவரி, கருவி, மேக் முகவரி, பொறுப்பாளர், கொடுத்த தேதி, திரும்பப் பெற்ற தேதி. அழிக்காதீர்கள், கோடு போட்டு அடித்து, அடுத்த வரியில் புதிதாக எழுதுங்கள். எக்செல் ஃபைலில் வைத்தாலும் ஒரு பிரிண்ட் எடுத்து ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நெட்வொர்க் படுத்துவிட்ட நாளில் சர்வருக்குள் இருக்கும் எக்செல் உதவாது.

6. இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். ரவுட்டர் பாஸ்வேர்டு ஒரு கவரில் இன்னொருவர் வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

7. பிங் பதிலை மட்டும் நம்பாதீர்கள். மாதம் ஒருமுறை பேக்கப் சர்வரில் உள்ள ஒரு பாடலைத் திறந்து கேளுங்கள். பாட்டு கேட்டால்தான் பேக்கப் இருக்கிறது என்று அர்த்தம்.

வெளியூரிலிருந்து பார்க்க முடியுமா?

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் நம் சர்வரைத் திறக்க வேண்டும் என்றால் 192.168 முகவரி உதவாது. இன்டர்நெட் நிறுவனம் தரும் வெளி முகவரி வேண்டும். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்று பொருள். அதன் வழியே வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. பல நிறுவனங்கள் தனிக் கட்டணத்துக்கு நிலையான முகவரி தருகின்றன. ஆறாம் பதிப்பு முகவரியில் இந்தப் பற்றாக்குறையே இல்லை. எதுவானாலும், நல்ல பாஸ்வேர்டும் ஃபயர்வாலும் இல்லாமல் சர்வரை வெளியுலகுக்குத் திறக்காதீர்கள். தெருக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது போல ஆகிவிடும்.

எங்கள் நோட்டுப் புத்தகத்தின் முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: 192.168.1.20, பேக்கப் சர்வர். பொறுப்பாளர் கட்டத்தில் இரண்டு பெயர்கள். ஊரிலிருந்து திரும்பிய மூத்த நண்பர் அதைப் படித்துவிட்டு, தன் நினைவில் இருந்த மற்ற எண்களையும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். இரண்டு பக்கம் வந்தது. உங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் ஊருக்குக் கிளம்பும் முன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.