கன்று வீச்சு நோயும் குருதிச் சோதனைகளும்

பசுக்களின் கன்று வீச்சு நோய்க்குக் காரணமானது புரூசெல்லா எனும் பற்றீரியா. இக்கிருமி தொற்றிய பசு, சினைக் காலத்தின் பிற்பகுதியிற் கன்றை வீசும். பின்னர் நலமுற்றதுபோலத் தோன்றியும், பாலோடு கிருமியை வெளிவிட்டு வரலாம். அப்பாலைக் காய்ச்சாது அருந்துவோரும் கன்றீனுங்கால் உதவுவோரும் நெடுநாட் காய்ச்சலுக்கு ஆளாவர். ஆதலின், புறத்தே குறியற்ற பசுவையும் இனங்காணும் வழி இன்றியமையாததாயிற்று.

மால்ற்றாத் தீவில் 1887ஆம் ஆண்டு, காய்ச்சலால் இறந்த போர்வீரரின் மண்ணீரலிலிருந்து டேவிட் புரூசு இக்குலக் கிருமியைப் பிரித்தெடுத்தார். பசுக்களைத் தாக்கும் இனத்தை 1897இல் டென்மார்க்கில் பாங் கண்டறிந்தார். நோயாளியின் குருதி நீர்ப்பாயம் கிருமிகளை ஒருங்கு திரளச் செய்யும் என்பதை அதே ஆண்டில் ரைற்று என்பவர் காட்டினார். இதனைத் துணைக்கொண்டு 1905இல் சம்மிற்று மால்ற்றாவின் ஆடுகளைச் சோதித்தபோது, நோயற்றனவாகத் தோன்றிய ஆடுகளே தொற்றின் உறைவிடமென வெளிப்பட்டது.

இச்சோதனைகள் தேடுவது கிருமியையன்று. அதனை எதிர்த்து உடல் ஆக்கிய பிறபொருளெதிரிகளையே. ரோசு பெங்கால் சோதனையில், இளஞ்சிவப்புச் சாயமூட்டிக் கொல்லப்பட்ட கிருமிகள் அமிலக் கரைசலில் வைக்கப்படும். அதன் ஒரு துளியோடு நீர்ப்பாயத்தின் ஒரு துளியைத் தட்டிற் கலந்து நான்கு நிமிடம் அசைத்தால், பிறபொருளெதிரி உளதாயின் சிறு மணிகள் திரளும். செலவு சிறிது, மந்தை முழுவதையும் விரைவிற் சோதிக்கலாம்.

எனினும் இத்திரட்சி ஒன்றே தீர்ப்பாகாது. எசு 19 எனும் தடுப்பூசி பெற்ற பசுவின் குருதியும் திரளலாம். எர்சினியா இனமொன்றின் தொற்றும் அவ்வாறே மயக்கும். மறுபுறம், அண்மையிலே தொற்றுற்ற பசுவில் பிறபொருளெதிரி போதிய அளவு தோன்றாதிருக்கலாம். எனவே திரண்டவற்றை நிரப்பி நிலைநாட்டற் சோதனையாலோ நொதியமிணைத்த சோதனையாலோ மீளவும் ஆராய்வர். திரளாதவற்றைச் சில வாரங்களின் பின் மறுபடி சோதிப்பர்.

பிழையான முடிவால் நல்ல பசு கொலைக்களஞ் செல்லும். அன்றேல் நோயுற்ற பசு மந்தையில் நின்று தொற்றைப் பரப்பும். முன்னதில் உழவனின் பிழைப்பும், பின்னதில் பால் அருந்துவோரின் நலமுங் கெடும். ஆதலால் குருதி தரும் சான்றை, பசுவின் ஈற்று வரலாற்றோடும் தடுப்பூசிக் குறிப்போடும் மந்தையின் நிலையோடும் ஒப்புநோக்கியே முடிவு கூறல் முறையாகும்.