புள்ளி உதிர்ந்தால் நோய் போயிற்றா?

ஆங் மோ கியோ அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகள் ஆசையாய் வளர்க்கும் தொட்டி மீன்களுக்கு அடிக்கடி வருவது வெண்புள்ளி நோய். உப்புத் தூவினாற்போல் உடம்பெல்லாம் புள்ளி. இது ஓர் ஒட்டுண்ணி. தோலுக்கடியில் இருக்கும்வரை மருந்து எட்டாது. நம் பக்கத்து வெப்பத்தில் சில நாளிலேயே புள்ளி உதிர்ந்துவிடும். “குணமாயிற்று” என்று மருந்தை நிறுத்துகிறார்களே, அங்கேதான் கேடு! உதிர்ந்தது தொட்டியடியில் நூற்றுக்கணக்கில் பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்தும். அந்த நேரத்தில்தான் மருந்து அதைக் கொல்லும். ஆகவே, லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் உப்பு என்று, ஓரிரு நாளில் சிறுகச் சிறுகக் கரைத்து, இரண்டு வாரம் விட்டு வையுங்கள். கெளுத்தி வகை இவ்வளவு உப்பைத் தாங்காது.

தண்ணீர் மாற்றும்போதும் கவனம் வேண்டும். சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமின் உண்டு. இரவெல்லாம் வாளியில் பிடித்து வைத்தாலும் போகாது. மீன் கடையில் விற்கும் முறிப்பு மருந்தை ஊற்றி, மாற்றிய தண்ணீருக்கு மட்டும் கணக்காக உப்பும் சேருங்கள்.